சிவப்பு நூல் கட்டிய டம்ளர்

மச்சானின் டம்ளரில் சிவப்பு நூல் கட்டியிருந்ததை நான் முதலில் பார்த்தது 2006ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில். அதற்கு முன்பே கட்டியிருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். திருப்பூர் வேலம்பாளையத்தில் அவர் வீட்டை ஒட்டியே நிட்டிங் ஷெட். நூலைக் கொடுத்தால் துணியாக ஓட்டிக் கொடுக்கும் தொழில். அந்த வருஷம் மாசியில் அவருக்கு இரைப்பையில் புற்று என்று தெரிந்தது. அறுத்தெடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று கோயம்புத்தூர் டாக்டர்கள் சொன்னார்கள். மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மருந்துக்கு முதலில் கட்டி சுருங்கியது. சித்திரையில் அவர் இட்லி சாப்பிட்டார், ஷெட்டுக்குப் போனார், ஃபிட்டரைத் திட்டினார். ஆனியில் எடுத்த ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. அதே மருந்துதான், அதே அளவுதான். ஆனால் அது கேட்கவில்லை.

இதை எழுதும்போது மாதங்களைச் சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் என் வேலை. ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கப்பல் ஆவணங்கள் தயாரித்துக்கொண்டிருந்தேன். ஒரு தேதி பிசகினால் வங்கி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மழை பெய்த நாள், கரண்ட் போன நேரம், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று எதையும் தேதியோடு குறித்து வைப்பேன். மனைவி சிரிப்பாள். அந்த வருஷக் குறிப்புகளில் ஆவணி முதல் மார்கழி வரை பெரும்பாலும் மச்சான் வீட்டுக்குப் போனதும் வந்ததும்தான் இருக்கின்றன.

அவருக்கு ஒரே மகள். கோவையில் ஒரு கல்லூரியில் பயோடெக்னாலஜி கடைசி வருஷம். அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்தில் பனியன் கம்பெனிக்காரர்கள் பலர் தங்கள் பெண்களை அந்தப் படிப்பில்தான் சேர்த்தார்கள். அது என்ன படிப்பு என்று கேட்டால் மச்சான், "எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஏனுங்க அவளை அனுப்பறேன்" என்பார். அவளை ஒருநாளும் அதட்டியவர் இல்லை. லீவில் வந்தால் அவள் கையால் ஒரு வாய் ஊட்டச் சொல்லிக் கேட்பார், இத்தனை வயசு மனிதர். அப்படிப்பட்டவர் அந்த ஆடிக் கடைசியில் அவளைத் தன் அறைக்குள் விடுவதை நிறுத்திவிட்டார். வாசற்படியிலேயே நிற்க வைத்தார்.

வீட்டிலும் இல்லை அவர். ஷெட்டின் மூலையில், கூம்பில் சுற்றி வரும் நூல் கோன்கள் அடுக்கும் அறைக்குக் கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். மிஷின் சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் வரவில்லை என்றார். அக்கா, அதாவது அவர் மனைவி, நோயாளியின் பிடிவாதம் என்று விட்டுவிட்டார். சாப்பாடு அங்கேயே போயிற்று. தட்டும் டம்ளரும் அவரே கழுவிக்கொண்டார். நடக்கத் தள்ளாடிய நாட்களிலும் அவரே. கோயம்புத்தூருக்கு மருந்து ஏற்றிக்கொள்ளப் போகும்போது டிரைவரை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்.

மகள் தவித்தாள் என்று சொன்னால் போதாது. சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவாள். கோன் அறையின் வாசலுக்குப் போவாள். உள்ளிருந்து குரல் வரும்.

"அங்கயே நில்லு கண்ணு. சாப்பிட்டியா?"

"சாப்டனுங்கப்பா."

"சரி. போய் ஊட்டுக்குள்ள இரு. இங்க பஞ்சு பறக்குது."

அவ்வளவுதான் பேச்சு. நிட்டிங் ஷெட்டில் பஞ்சு எப்போதும்தான் பறக்கும். அவள் அந்தப் பஞ்சுக்குள் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் போகும்போது அவள் ஜடையில் ஒட்டியிருக்கும் பஞ்சை எடுத்துவிட்டவரும் அவர்தான். சில வாரங்களில் அவள் வருவது குறைந்தது. அப்பா தன் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை, நோயைப் பற்றி அவரிடம் தன் வாயால் விளக்கியதற்காக வெறுத்துவிட்டார் என்று என் மனைவியிடம் அழுதிருக்கிறாள்.

அவள் அப்படி நினைக்க ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல ஆடி மாதத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஆனி ஸ்கேனுக்குப் பிறகு, முதலில் கேட்ட மருந்து பிறகு ஏன் கேட்கவில்லை என்பதுதான் அவளுக்கு இரவும் பகலும் யோசனை. கல்லூரியில் பிரியான் என்ற புரதத்தைப் பற்றி ஒரு செமினார் கொடுத்திருந்தாள். அதற்குத் தேடியபோது, அந்தப் புரதத்துக்கும் இரைப்பைப் புற்றுக்கும் தொடர்பு சொல்லும் சில ஆய்வுக் கட்டுரைகள் அகப்பட்டன. பழைய பஸ் ஸ்டாண்டு அருகே பிரவுசிங் சென்டரில் நானும் அவளும் உட்கார்ந்து அவற்றைப் பிரிண்ட் எடுத்தோம். ஆங்கிலம் எனக்கு ஓடும். அறிவியல் பத்திரிகைகள் படிக்கும் வழக்கமும் உண்டு. பிரியான் என்ற பெயரை இங்கிலாந்தில் மாடுகளுக்குப் பைத்தியம் பிடித்த செய்தியில்தான் முன்பு பார்த்திருந்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், மச்சானே கேட்டார்: "என்னமோ காயிதமெல்லாம் எடுத்தீங்களாமே. என்ன போட்டிருக்குது?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். எதையும் அடியிலிருந்து தொடங்குவது அவள் வழக்கம். புரதம் என்பது நீளமான நூல் மாதிரி, அது சரியாக மடிந்தால்தான் வேலைக்கு ஆகும் என்றாள். பிரியான் புரதம் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது, மூளையில் அதிகம். அதில் ஒன்று தப்பாக மடிந்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் நல்லதையும் தன்னைப் போலவே மடிய வைத்துவிடும். அது அடுத்ததை, அது அடுத்ததை. கிருமி கிடையாது, உயிர் கிடையாது, வேகவைத்தாலும் லேசில் போகாது. வருஷக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. மாட்டிடமிருந்து மனிதனுக்கு வந்தது அப்படித்தான்.

மச்சான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதி மூடிய கண்கள். அவள், "ஆனா அப்பா, புத்து நோயில இருக்கறது அது இல்லீங்க" என்று வாயெடுத்தாள். அப்போது ஷெட்டிலிருந்து ஃபிட்டர் வந்து வாசலில் நின்றான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன்.

"மொதலாளி, நாலாம் நம்பர் நின்னுட்டு. ஊசி வரிசையா போயிருக்கு."

மச்சான் எழுந்து போய்விட்டார். வழக்கமாக இருந்தால் யாராவது அவரைத் தடுத்திருப்போம். அன்று அவர் தெம்பாக நடந்ததே சந்தோஷமாக இருந்தது. போனவர் சாயங்காலம்வரை ஷெட்டிலேயே இருந்தார். மகள் ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். மிச்சத்தை அவர் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அந்த மிச்சம்தான் கட்டுரைகளின் முக்கியமான விஷயம். புற்றில் பேசப்படுவது தப்பாக மடிந்த பிரியான் அல்ல. சரியாக மடிந்த, நம் எல்லோரிடமும் இருக்கிற சாதாரணப் புரதம். அது செல்லின் மேற்பரப்பில் நின்று, செல் சாகாமல் காக்கும் காவலாளி மாதிரி இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். சில புற்று செல்களில் அது அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறது. காவலாளிக்குத் தான் காப்பது யாரை என்று தெரியாது. மருந்து உள்ளே வந்தால் வெளியே தள்ளுவதற்கும் துணை போகிறது. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் இந்தப் புரதத்தைக் குறைத்தபோது, கேட்காத மருந்து மறுபடி கேட்டது. தட்டில்தான், மனிதனில் அல்ல. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிற கதையே இல்லை. மகள் இதை டாக்டரிடமும் கேட்டாள். மருந்து கேட்காமல் போக நூறு காரணம் உண்டு, அப்பாவுக்கு இதுதான் காரணம் என்று சொல்ல எந்தச் சோதனையும் எங்களிடம் இல்லை, இருந்தாலும் கொடுக்க மருந்து இல்லை என்று அவர் தன்மையாகச் சொன்னார். அவள் காகிதங்களை மடித்து வைத்துவிட்டாள்.

இனி டம்ளர். ஆவணியில் ஒருநாள் வேலை முடிந்து கோன் அறைக்குப் போனேன். மோட்டு வளையில் பஞ்சு திரி திரியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மச்சான் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். கட்டிலை ஒட்டி, கடைசி ரேக்கின் கீழ்த்தட்டில் ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர், மடித்த போர்வை. தட்டின் விளிம்பில் ஓட்டை போட்டு, டம்ளரின் கழுத்தில் சுற்றி, போர்வையின் முனையில் முடிச்சுப் போட்டு, மூன்றிலும் சிவப்பு நூல்.

நிட்டிங் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பஞ்சாலையிலிருந்து நூல் கோனாக வரும்போது ஒவ்வொரு வரத்துக்கும் ஒரு லாட் எண் இருக்கும். ஒரே ஆலை, ஒரே கனம், கண்ணுக்கு ஒரே வெள்ளை. ஆனால் இந்த லாட் கோனையும் அந்த லாட் கோனையும் ஒரே மிஷினில் ஏற்றக் கூடாது. துணி இறங்கும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. சாயப்பட்டறைக்குப் போய் நீலமோ கறுப்போ ஏறிய பிறகுதான், அந்த ஒரு கோன் ஓடிய இடமெல்லாம் சுற்றிச் சுற்றிக் கோடு விழுந்திருப்பது தெரியும். அப்புறம் எதுவும் செய்ய முடியாது. துணி முழுக்கப் போயிற்று. மச்சான் தொழில் தொடங்கிய புதிதில் அப்படி ஒரு முறை அடிபட்டவர். அதிலிருந்து, எந்த லாட் என்று சந்தேகமான கோன் எதுவானாலும் அதன் கழுத்தில் சிவப்பு நூலைக் கட்டிக் கடைசி ரேக்கில் வைத்துவிடுவார். சிவப்பு கட்டினதைத் தொடுகிறவன் அன்றோடு ஊருக்குப் போய்விடலாம் என்பது ஷெட்டின் சட்டம்.

அவருடைய கட்டில் கடைசி ரேக்கை ஒட்டிக் கிடந்தது.

"என்னங்க மச்சான் இது?" என்றேன்.

அவர் ரகசியம் சொல்கிற குரலில்கூட இல்லை, மிஷின் விஷயம் பேசுகிற குரலில் சொன்னார்.

"புள்ளதானுங்க மாப்ள சொல்லுச்சு. ஒண்ணு தப்பா மடிஞ்சா பக்கத்துல இருக்கறதெல்லாம் அதே மாதிரி மடிஞ்சிக்குமாமா. நம்ம தொழில்ல இல்லாததா? ஒரு கோன் போதுமுங்க."

நான் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொல்லாமல் விட்ட மிச்சம், காவலாளி, தட்டில் வளர்த்த செல், டாக்டர் சொன்னது. இது தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது, உங்கள் உடம்பில் அந்தத் தப்பான மடிப்பு இருப்பதாக யாரும் சொல்லவே இல்லை. எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் "சரிங்க மாப்ள" என்றார். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. எதிரில் இருப்பவரை மறுக்கிறபோதுதான் அது இன்னும் அதிகமாக வரும்.

கடைசியில் அவர் சொன்னார்: "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க. ஆனா சாயம் ஏத்தற வரைக்கும் எல்லாத் துணியும் வெள்ளைதானுங்களே."

நாலாம் நம்பர் மிஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் சுவர் வழியாகக் கட்டிலில் நடுங்கியது. நான் எழுந்து வந்தேன். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. அதனால் சொன்னேன். கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள். பையைக் கூட இறக்கவில்லை. நானும் என் மனைவியும் அக்காவும் பின்னால் போனோம். "அங்கயே நில்லு" என்ற குரல் வந்தது. அவள் நிற்கவில்லை. கட்டிலைத் தாண்டிக் கடைசி ரேக்குக்குப் போனாள். டம்ளரில் அவர் குடித்து மீதி வைத்த கஞ்சி இருந்தது. ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. எடுத்து அண்ணாக்காமல், உதட்டில் வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். சிவப்பு நூலின் முனை அவள் முகவாயில் ஒட்டியது.

மச்சான் கை நீட்டினார். கை அவள்மேல் படுவதற்கு முன் தானாக நின்றுவிட்டது.

"என்ன காரியம் பண்ணீட்ட கண்ணு" என்றார்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் ஆகாதுங்கப்பா. பாத்துட்டே இருங்க" என்றாள்.

அன்று அது எங்களுக்கெல்லாம் வெற்றியாகத் தெரிந்தது. அக்கா அழுதார், என் மனைவி அழுதாள். கட்டிலை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், கையைப் பிடித்துக்கொண்டாள், கஞ்சி ஊட்டினாள். அவர் வாய் திறந்து வாங்கிக்கொண்டார். இனிக் காப்பாற்றி வைத்து என்ன, கலந்தது கலந்தாயிற்று என்று அவர் நினைத்திருக்கக்கூடும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஏனென்றால் அவர் பார்க்க ஆரம்பித்தார். பாத்துட்டே இருங்க என்று அவள் சொன்னாள் அல்லவா. அவள் ஒவ்வொரு முறை வரும்போதும் ஷெட்டில் துணி பார்க்கும் மேஜைக்கு அவளைக் கூட்டிப்போகச் சொல்வார். சாய்வாகக் கண்ணாடி போட்டு, அதற்குப் பின்னால் டியூப் லைட் எரியும் மேஜை. அதன்மேல் துணியை இழுத்துவிட்டு ஓட்டை, கோடு, எண்ணெய்க் கறை எல்லாம் பார்ப்பார்கள். அந்த வெளிச்சத்தில் அவளை நிற்க வைத்து, ஒரு ஸ்டூலில் தான் உட்கார்ந்துகொண்டு பார்ப்பார். கண்ணின் வெள்ளை. நகம். நாக்கை நீட்டச் சொல்வார். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி நடுங்குகிறதா என்று பார்ப்பார். மாடுகளுக்குக் கால் நடுங்கியதை டிவியில் காட்டியிருந்தார்கள்.

அவள் அதை விளையாட்டாக்கிவிட்டாள்.

"பாஸுங்களா?"

"திரும்பு. கையைக் காட்டு. ம். இன்னைக்குப் பாஸு."

"எக்ஸ்போர்ட்டுக்கா, லோக்கலுக்கா?"

"எம் புள்ளை எக்ஸ்போர்ட்டுதான்" என்பார். சிரிப்பார். மிஷினை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்த பையன்களும் சிரிப்பார்கள். அவர் கண் மட்டும் சிரிக்காது. அது அவள் விரல் நுனியிலேயே இருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. டாக்டர் மாற்றிக் கொடுத்த மருந்தும் கேட்கவில்லை. கார்த்திகையில் அவரால் மேஜைவரை நடக்க முடியவில்லை. படுத்த இடத்திலிருந்தே பார்த்தார். அவளை ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்வார். பேச்சு குறைந்து, சாப்பாடு நின்று, கடைசியில் பார்வை ஒன்றுதான் பாக்கி இருந்தது. ஒருநாள் அவள் மாவு ஆட்டிவிட்டு வந்த கையோடு நின்றாள். களைப்பில் கை லேசாக நடுங்கியது. அவர் முகத்தில் நான் பார்த்ததை இங்கே எழுத மாட்டேன். அவளும் பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் முன்னால் நிற்கும்போது கைகளைச் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

மார்கழியில் ஒரு முன்பகல். மற்றவர்கள் சமையல்கட்டில் இருந்தார்கள். என்னைக் கிட்டே வரச் சொன்னார். காதை அவர் வாயருகே வைக்க வேண்டியிருந்தது.

"சாயம் ஏறறதுக்குள்ள நான் போயிருவனுங்க மாப்ள. அப்புறம் யாரு பாக்கறது? நீங்க பாத்துக்குங்க."

"அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க மச்சான்."

"சரிங்க மாப்ள" என்றார். "பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் கல்யாணம் பண்ணிவைப்பது, படிக்க வைப்பது என்றெல்லாம் பொருள். அவர் அதைச் சொல்லவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பொங்கலுக்கு முன்பே அவர் போய்விட்டார்.

நிட்டிங் ஷெட்டை அக்கா இரண்டு வருஷம் நடத்திவிட்டு மிஷின்களை விலைக்குக் கொடுத்துவிட்டார். சாமான் ஒழித்தபோது அந்த டம்ளர் எப்படியோ எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. என் மனைவி நூலை அவிழ்க்கவில்லை. நானும் அவிழ்க்கவில்லை. பாத்திர ஷெல்ஃபில் மற்றவற்றோடுதான் இருக்கிறது. விருந்தாளிகள் நிறைய வந்து டம்ளர் பற்றாமல் போன நாட்களிலும் அது இறங்கியதில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை. பிரியானைப் பற்றி வருகிறதையெல்லாம் இன்றும் படிக்கிறேன். அந்தப் புரதம் வேறு பல புற்றுகளிலும் பேசப்படுகிறது. அதைத் தடுத்து மருந்தைக் கேட்க வைக்கலாமா என்று பார்க்கிறார்கள். நான் படித்தவரை எல்லாம் இன்னும் ஆய்வுக்கூடத்தோடுதான் நிற்கின்றன. தொற்றும் என்று எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும். யாரைவிடவும் நன்றாகத் தெரியும்.

மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை திருப்பூர் வருவாள். அவள் வந்த தேதிகள் எல்லாம் என் டைரியில் உண்டு. பெயர் எழுதுவதில்லை. தேதி போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை. 2009 கார்த்திகையில் ஒரு முறை சளியும் காய்ச்சலுமாக வந்தாள். அவள் திரும்பிப் போய், சரியாகிவிட்டது என்று போன் செய்யும்வரை அந்த இடத்தை எழுதாமல் விட்டிருந்தேன்.

போன முறை வந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஹாலுக்கு வந்தாள். நான் நாற்காலியில் இருந்தேன். பேசிக்கொண்டே எழுந்து போய் ஜன்னல் திரையை ஒதுக்கினேன். வெளிச்சம் போதவில்லை என்று சொன்னதாக ஞாபகம். அவள் என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்து, வெளிச்சத்தில் நின்று, இரண்டு கைகளையும் எனக்கு நேராக நீட்டினாள். இறுக்கிப் பிடிக்காமல், விரல்களை விரித்து.

"பாஸுங்களா மாமா?" என்றாள்.

நான் பார்த்தேன். அவசரப்படாமல், ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன்.